காற்றைத் தள்ளி ஓடிய வண்டிகள்

கழிமுகத்து ஓடக்காரனிடம் இரண்டு கருவிகள் உண்டு. நீர் இடுப்பளவே உள்ள இடங்களில் அவன் நீண்ட மூங்கிற் கழியைத் தரையில் ஊன்றி, அதன்மேல் தன் தேகபாரம் முழுவதையும் சாய்த்து, ஓடத்தை முன்னே செலுத்துவான். கழிக்குத் தரை எட்டாத ஆழம் வந்ததும் அதைக் கிடத்திவிட்டுத் துடுப்பை எடுத்துக்கொள்வான். கழி ஊன்றும்போது பூமி நகர்ந்து கொடுப்பதில்லை. ஆதலால் அவன் செலவிடும் பலமெல்லாம் ஓடத்துக்கே சேருகிறது. துடுப்புப் போடும்போதோ நீர் பின்வாங்குகிறது. அவன் உழைப்பில் ஒரு பங்கு அந்த நீரைக் கலக்குவதிலேயே கழிந்துபோகிறது. இதை அறிந்திருப்பதனால்தான் தரை எட்டும் இடத்தில் எந்த ஓடக்காரனும் துடுப்பைத் தேடுவதில்லை.

யந்திர வாகனங்களில் கழியின் ஸ்தானத்தை வகிப்பது சக்கரம். துடுப்பின் ஸ்தானத்தை வகிப்பது புரொப்பெல்லர் என்று வழங்கும் சுழல்விசிறி. கடலிலும் ஆகாயத்திலும் இந்த விசிறி அடைந்த வெற்றியைப் பற்றி எழுதாதவர் இல்லை. ஆனால் அதே விசிறியைச் சாலையிலும், இருப்புப்பாதையிலும், பனியிலும், சதுப்பிலும் ஓடும் வண்டிகளுக்குப் பூட்டிப் பார்த்தவர்களின் சரித்திரம் ஒன்று தனியே இருக்கிறது. அதைப் பெரும்பாலோர் கோமாளித்தனங்களின் தொகுப்பாகவே கருதி, படம் பார்த்துச் சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். என் அபிப்பிராயம் வேறு. அவர்களிற் பலர் தேர்ந்த எஞ்சினியர்கள். தாம் செய்வதன் நியாயத்தைத் தெளிவாக அறிந்து செய்தவர்கள். சிலர் தாம் எந்த இடத்தில் தோற்றோம் என்பதையும் பிறர் சொல்லாமலே அறிந்து திருந்திக்கொண்டவர்கள்.

விசிறி முதலில் வந்தது நீருக்குத்தான். தாழ்ந்த இடத்திலிருந்து நீரை மேலேற்றப் பழங்காலத்தவர் உபயோகித்த திருகையே படுக்கவைத்துச் சுழற்றினால் அது படகை முன்னே தள்ளும் என்ற யோசனை பலருக்கு உதித்ததாயினும், அதைக் கப்பலில் பூட்டி ஓட்டிக் காட்டியவர்களுள் முன்னவரென்று சொல்லத்தக்கவர் ஆஸ்திரிய சாம்ராஜ்யத்தில் வன அதிகாரியாக இருந்த ஜோசப் ரெஸ்ஸல். 1827இல் அவர் உரிமம் பெற்றார். 1829இல் திரியெஸ்தே துறைமுகத்தில் அவருடைய ‘சிவெத்தா’ என்னும் கப்பல் ஓடியது. சிறிது தூரம் சென்றதும் நீராவிக் குழாய் ஒன்று பழுதுபட்டது. உடனே போலீஸார் பரிசோதனையையே தடைசெய்துவிட்டனர். திருகின்மேல் ஒரு குற்றமும் இல்லை. குழாயின் குற்றத்துக்குத் திருகு தண்டனை அநுபவித்தது.

பின்னர் 1836இல், லண்டனுக்கு அருகே விவசாயம் செய்துவந்த பிரான்ஸிஸ் பெட்டிட் ஸ்மித் என்பவரும், ஸ்வீடன் தேசத்து ஜான் எரிக்ஸன் என்பவரும், ஒருவரையொருவர் அறியாமலே, சில வார இடைவெளியில் தத்தம் திருகுகளுக்கு உரிமம் வாங்கினர். ஸ்மித்தின் திருகு மரத்தாலானது. இரண்டு முழுப் புரிகள் கொண்டது. மறு வருஷம் பாடிங்டன் கால்வாயில் படகு ஓடுகையில் அது எதிலோ மோதி, பாதி முறிந்து போயிற்று. படகு நின்றுவிடும் என்று எல்லோரும் எதிர்பார்க்க, அது முன்னிலும் வேகமாக ஓடத் தொடங்கியது! திருகின் நீளம் வீண் பாரம் என்பதும், நீரை அறைந்து தள்ளுவதற்குப் புரியின் ஒரு சிறு துண்டே போதும் என்பதும் அன்றைக்கு விளங்கின. இன்று நாம் காணும் கப்பல் விசிறியின் வடிவம் அந்த முறிவில் பிறந்ததென்று சொன்னால் மிகையாகாது. 1845இல் ‘ராட்லர்’ என்ற விசிறிக் கப்பலும் ‘அலெக்டோ’ என்ற பக்கச்சக்கரக் கப்பலும் வாலோடு வால் கட்டி இழுத்துப் பார்த்த வேடிக்கையைப் புத்தகங்கள் விஸ்தாரமாக வர்ணிக்கும். ராட்லர் எதிரியைப் பின்னோக்கி இழுத்துச் சென்றது மெய்யே. ஆனால் அதன் யந்திரம் அதிகச் சக்தி வாய்ந்தது என்பதையும், பிரிட்டிஷ் கடற்படையார் அதற்கு முன்பே விசிறிக் கப்பல்கள் பலவற்றைக் கட்ட உத்தரவிட்டிருந்தனர் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அது பரீட்சையன்று, ஊரார் பார்க்க நடத்திய காட்சி.

விசிறி என்ன செய்கிறது என்பதற்குச் சாஸ்திரம் பிறந்தது, விசிறி கடலெங்கும் ஓடத் தொடங்கி வெகுகாலம் சென்ற பிறகுதான். 1865இல் ராங்கினும், அவருக்குப் பின் வில்லியம் புரூடும் அவர் மகனும் வகுத்த தத்துவத்தைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம்: முன்னேற வேண்டிய வாகனம் எதையாவது பின்னே எறிய வேண்டும். எறியும் பொருளின் நிறையையும், அதற்குக் கொடுக்கும் வேகத்தையும் பெருக்கினால் கிடைப்பது உந்துவிசை. ஆனால் செலவாகும் சக்தியோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறுகிறது. ஆகையால் கொஞ்சம் காற்றை வெகு வேகமாக எறிவதைவிட, ஏராளமான காற்றை மெல்ல எறிவதே சிக்கனம். பெரிய விசிறியும் மந்தமான ஓட்டமும் உத்தமம். சிறிய விசிறியும் ஆவேசமான சுழற்சியும் அதமம். காற்றோ நீரைவிட எண்ணூறு மடங்கு லேசானது. அதனால், சிறு துண்டுத் திருகு கப்பலைத் தள்ளிவிட, அதைவிட எத்தனையோ இலகுவான விமானத்துக்கு ஆளுயரத்துக்கும் மேற்பட்ட விசிறி தேவையாகிறது.

ரைட் சகோதரர்கள் 1902ஆம் வருஷக் கடைசியில் விமானத்துக்கு விசிறி செய்ய முற்பட்டபோது, கப்பல் எஞ்சினியர்களிடம் தயாராகச் சூத்திரம் இருக்கும், அதில் நீருக்குப் பதில் காற்றின் அளவை இட்டுக்கொண்டால் போதும் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். தேடிப் பார்த்ததில் அப்படி ஒன்றும் அகப்படவில்லை. பின்னர் அவர்களே மாதக்கணக்கில் வாதித்து, விசிறி என்பது திருகே அன்று, வட்டத்தில் சுழன்றுகொண்டே பறக்கும் ஓர் இறக்கை என்ற முடிவுக்கு வந்தனர். ஸ்ப்ரூஸ் மரத்தை ஒட்டி இழைத்து அவர்கள் செதுக்கிய எட்டரை அடி விசிறிகள் யந்திரத்தின் சக்தியில் நூற்றுக்கு எழுபத்தைந்து பங்குக்குக் குறையாமல் உந்துவிசையாக மாற்றின என்று பிற்காலப் பரிசோதனைகள் காட்டுகின்றன. 1903 டிசம்பர் 17ஆம் தேதி நடந்த அற்புதத்தில் இந்த மரவிசிறிக்கு உரிய பங்கை ஜனங்கள் அவ்வளவாக நினைப்பதில்லை.

இனித் தரைக்கு வருவோம். சற்றே கணக்குப் போட்டாலன்றி இந்த விஷயம் விளங்காது. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆயிரம் கிலோ எடையுள்ள ஒரு வண்டிக்கு 10 கிலோவாட், அதாவது சுமார் 13 குதிரைச்சக்தி உள்ள யந்திரத்தையும், இரண்டு மீட்டர் குறுக்களவுள்ள விசிறியையும் பூட்டுவதாக வைத்துக்கொள்வோம். வண்டி நிற்கும் நிலையில், குற்றமே இல்லாத உத்தம விசிறிகூட, புரூடின் கணக்குப்படி, 93 கிலோவுக்குமேல் உந்துவிசை தர இயலாது. மெய்யான விசிறி எழுபது தந்தால் பெரிது. பத்தடிக்கு ஓரடி ஏறும் ஒரு மேட்டில் அந்த வண்டியைத் தாங்கிப் பிடிக்கவே சுமார் நூறு கிலோ வேண்டும். ஆகவே விசிறி வண்டி அம்மேட்டில் அலறிக்கொண்டு நிற்கும். பிரேக்கை விட்டால் பின்னோக்கி உருளும். அதே யந்திரத்தைத் தாழ்ந்த கியரில் சக்கரங்களோடு பூட்டினால், வண்டி மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் அலட்டிக்கொள்ளாமல் ஏறிப்போகும். தரையை ஊன்றித் தள்ளுகிறவனுக்கும் காற்றைத் துழாவுகிறவனுக்கும் உள்ள தாரதம்மியம் இதுதான்.

ஆனால் இந்தத் தாரதம்மியம் எல்லா வேகத்திலும் ஒரே அளவாக இருப்பதில்லை. வண்டி வேகமெடுக்க எடுக்க, விசிறி புதிய புதிய காற்றைச் சந்திக்கிறது; ஒவ்வொரு விநாடியும் மிகுதியான காற்றைக் கொஞ்சமாகத் தள்ளினால் போதுமென்ற சௌகரியம் அதற்கு ஏற்படுகிறது. மணிக்கு நூறு, இருநூறு கிலோமீட்டர் என்று போகும்போது நல்ல விசிறி நூற்றுக்கு எழுபத்தைந்து, எண்பது பங்கு பயன் தரும். சக்கரத்தோடு ஒப்பிட்டால் நஷ்டம் சொற்பமே. தரையில் விசிறியை நம்பியவர்கள் ஏறக்குறைய அனைவரும் வேகப்பித்து கொண்டவர்களாக இருந்ததன் ரகசியம் இங்கே இருக்கிறது. புறப்படுவது, நிற்பது, மேடேறுவது ஆகிய மூன்றையும் மறந்துவிட்டால் அவர்கள் கணக்கு சரியே. சாலை வண்டியின் ஆயுளோ பெரும்பாலும் அந்த மூன்றிலேயே கழிகிறது.

அவர்களுள் எனக்கு மிகவும் பிரியமானவர் பிரெஞ்சுக்காரரான மார்செல் லெயா. விமானங்கள் கட்டிப் பழகிய அவர், 1913இல் மூன்று சக்கர விசிறி வண்டி ஒன்றைச் செய்தார். முதல் உலக யுத்தம் முடிந்தபின் ‘ஹெலிகா’ என்ற பெயரில் நான்கு சக்கர வண்டிகளை விற்கத் தொடங்கினார். இறக்கையைக் கழற்றிவிட்ட சிறு விமானத்தின் உடல் எப்படி இருக்குமோ அப்படியே அது இருந்தது: ஒட்டுப்பலகையால் ஆன முட்டைவடிவக் கூடு, மூக்கில் வளையத்துக்குள் சுழலும் மரவிசிறி, அதன்பின்னே ஒருவர் முதுகின்பின் ஒருவராக இரண்டு ஆசனங்கள், திரும்புவதற்குப் பின்சக்கரங்கள். எடை சுமார் 250 கிலோ. யந்திரமோ எட்டுக் குதிரைச்சக்தி.

லெயா ஏன் இதைச் செய்தார் என்பதைக் கவனிக்கவேண்டும். அக்காலத்து மோட்டார் வண்டியில் கிளட்ச், கியர் பெட்டி, டிஃபரன்ஷியல், அச்சுகள் என்று யந்திரத்துக்கும் சக்கரத்துக்கும் இடையே இருந்தவையெல்லாம் பாரமானவை, விலை மிகுந்தவை, அடிக்கடி உடைபவை; கியரை மாற்றுவதே ஒரு தனி வித்தை. விசிறியைப் பூட்டினால் இவை அத்தனையும் வேண்டாம்; யந்திரத்தின் தண்டிலேயே விசிறி; வேறொன்றுமில்லை. சக்கரங்கள் வெறுமே உருள்வதனால் டயரும் தேயாது. கூடும் காற்றைக் கிழிக்கும் வடிவில் இருந்ததால் அற்பச் சக்தியிலேயே வண்டி வேகமாக ஓடிற்று. 1921இல் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் அறுநூறு பேர் வண்டி வேண்டுமென்று எழுதிக் கொடுத்ததாகச் சொல்வர். கட்டப்பட்டவை முப்பது வண்டிகளே. 1927இல் மோன்லெரி பந்தயத் தடத்தில் ஒரு ஹெலிகா மணிக்கு 170 கிலோமீட்டரைத் தொட்டது. அந்த எண்ணைக் கேட்டு வியப்பவர்கள், அதே வண்டி பாரிஸின் ஒரு நாற்சந்தியில், முன்னே மாட்டுக் கொம்புபோல் விசிறியை நீட்டிக்கொண்டு, புழுதியையும் குப்பையையும் பின்னால் இருப்பவர் முகத்தில் வாரியிறைத்து, நடப்பவர்களையெல்லாம் நடுங்க வைத்துக்கொண்டு நின்றிருக்கக்கூடிய கோலத்தையும் மனக்கண்ணால் பார்க்கட்டும். லெயா காலத்தையும் தவறவிட்டார்: யுத்தத்துக்கு முன் அவர் கண்டுபிடித்த குறைகள் அத்தனையும் யுத்தத்துக்குப் பின் கியர் பெட்டிகளில் ஒவ்வொன்றாகத் தீர்ந்துவந்தன. அவர் நூறு பிராயம் கடந்து வாழ்ந்து 1986இல் காலமானார். ஹெலிகாவைப் பற்றிக் கடைசிவரை வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

சாலையைவிட இருப்புப்பாதை விசிறிக்கு ஏற்றது. மேடுகள் அங்கே சிறியவை, நாற்சந்தி இல்லை, எஃகின்மேல் எஃகு உருள்வதால் உராய்வு மிகக் குறைவு. ஆனால் முதற் சரித்திரம் துக்கமானது. ரஷ்யாவில் வலேரியான் அபகோவ்ஸ்கி என்ற இளைஞர் விமான யந்திரமும் விசிறியும் பூட்டிய ரயில் பெட்டி ஒன்றைச் செய்தார். 1921 ஜூலை 24ஆம் தேதி கம்யூனிஸ்ட் பிரதிநிதிகளை ஏற்றிக்கொண்டு அது மாஸ்கோவிலிருந்து தூலா நகரத்துக்குச் சௌக்கியமாகப் போயிற்று. திரும்பி வருகையில் அதிவேகத்தில் தடம் புரண்டது. அபகோவ்ஸ்கியும், போல்ஷெவிக் தலைவர்களுள் ஒருவரான அர்த்தியோமும், வேறு சிலரும் மாண்டனர். கிரெம்ளின் சுவரருகே அடக்கம் செய்யப்பட்டபோது அந்த யந்திரக் கர்த்தாவுக்கு வயது இருபத்தைந்து. ஸ்காட்லாந்தில் ஜார்ஜ் பென்னி, உயரத்தில் அமைத்த தண்டவாளத்தில் பெட்டியைத் தொங்கவிட்டு இருமுனையிலும் விசிறி பூட்டி 1930இல் திறந்து காட்டினார். பரிசோதனைப் பாதையின் நீளம் 130 மீட்டர். மணிக்கு 190 கிலோமீட்டர் போகவேண்டிய வண்டிக்கு அது வாசற்படியே ஒழிய பாதை அன்று. பணம் போடுவார் இல்லாமல் 1937இல் அவர் திவாலானார்.

ஜெர்மானியரான பிரான்ஸ் குருக்கன்பெர்க் செய்ததே இந்த வரிசையில் தலைசிறந்தது. ஆகாயக் கப்பல்கள் கட்டிய அநுபவமுள்ள அவர் அந்த வித்தையையே இருப்புப்பாதைக்குக் கொண்டுவந்தார். ‘ஷீனன்செப்பலின்’ என்று பெயர் பெற்ற அவருடைய வண்டி 26 மீட்டர் நீளம்; எடையோ 20 டன்னே; சாதாரண ரயில் எஞ்சின் ஒன்று அதைப்போல் பல மடங்கு கனக்கும். வாலில் 600 குதிரைச்சக்தி விமான யந்திரமும் ஆஷ் மரத்தாலான விசிறியும். விசிறித் தண்டைச் சற்றே சாய்த்து, வண்டியைத் தண்டவாளத்தோடு அழுத்தி வைக்கும்படியும் செய்திருந்தார். 1931 ஜூன் 21ஆம் தேதி ஹாம்பர்க்கிலிருந்து பெர்லினை நோக்கி அது 257 கிலோமீட்டரை 98 நிமிஷத்தில் கடந்தது. நடுவில் ஓரிடத்தில் மணிக்கு 230 கிலோமீட்டர். இருபத்து மூன்று வருஷம், 1954இல் பிரெஞ்சு மின்சார எஞ்சின் ஒன்று முந்தும் வரையில், இருப்புப்பாதையில் அதை மிஞ்சியவர் எவருமில்லை.

இத்தனை கீர்த்தி பெற்ற வண்டி ஒரு நாளாவது டிக்கெட் வாங்கிய பிரயாணியை ஏற்றிச் சென்றதா என்றால், இல்லை. அதன் பின்னால் வேறு பெட்டி கோக்க முடியாது; விசிறி வழிமறிக்கிறது. ஜனங்கள் நிறைந்த பிளாட்பாரத்தில் திறந்த விசிறி சுழல்வதை எந்த ரயில்வே அதிகாரி அநுமதிப்பார்? பின்னோக்கிச் செல்லவும், மேடேறவும் வேறு ஏற்பாடு வேண்டும். இவற்றைக் காட்டிலும் முக்கியமான சாட்சியம் குருக்கன்பெர்க்கின் பிந்திய நடத்தை. மறு வருஷமே அவர் வண்டியின் முன்புறத்தை மாற்றிக் கட்டி, விசிறியைக் கழற்றிவிட்டு, திரவத்தின் மூலம் சக்தியைச் சக்கரங்களுக்குக் கடத்தும் அமைப்பைப் பொருத்தினார். 1933இல் அது சக்கர பலத்தாலேயே 180 கிலோமீட்டர் ஓடிற்று. உடலை லேசாக்கியதும் காற்றை வெட்டும் வடிவமுமே அந்த வேகத்தின் உண்மைக் காரணங்கள், விசிறி அன்று என்பதை அவரே நிரூபித்துவிட்டார். அவ்வருஷமே ‘பறக்கும் ஹாம்பர்க்கன்’ என்ற டீசல் வண்டி அதே மார்க்கத்தில் மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் ஒழுங்காகப் பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு ஓடத் தொடங்கியது. விசிறி வண்டி 1939இல் உடைக்கப்பட்டது.

ஊன்றுவதற்குத் தரையே இல்லாத இடங்களில் கதை வேறு. தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல், 1905இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில், விமான விசிறிகளைப் பரீட்சை செய்வதற்காக ஒரு தட்டைப் படகின்மேல் விசிறியை நிறுத்தி ஓட்டினார். அந்தப் படகின் சந்ததிதான் இன்று பிளாரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்புகளில், விரலளவு நீரிலும் கோரைப்புல்லின் மேலும் சறுக்கிச் செல்லும் விசிறிப் படகுகள். நீருக்குள் விசிறி இருந்தால் புல் சுற்றிக்கொள்ளும். சக்கரமோ சேற்றில் புதையும். பிரேக்கும் பின்னோட்டமும் இல்லாத அந்தப் படகுகள் காதைச் செவிடாக்கும் சத்தத்தோடு ஓடினாலும், அங்கே அவற்றுக்கு ஈடானது அதிகமில்லை. ரஷ்யப் பனிவெளியில் சறுக்குக் கட்டைகளின்மேல் விசிறியால் ஓடும் ‘ஏரோசானி’ வண்டிகளும் இவ்வினத்தவையே. இகோர் சிகோர்ஸ்கி இளமையில் அவற்றைக் கட்டினார். பிற்காலத்தில் விமானச் சிற்பியாகப் பிரசித்தி பெற்ற டூபோலெவும் கட்டினார். இரண்டாம் உலக யுத்தத்தில் செஞ்சேனை அவற்றில் யந்திரத் துப்பாக்கியை ஏற்றிப் போரிட்டது.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வால்கூர் என்ற சிற்றூரில் ஜோசப் அர்மான் பொம்பார்டியே என்ற பதினைந்து வயதுப் பையன், 1922 டிசம்பர் கடைசி நாளன்று, பழைய ஃபோர்டு யந்திரத்தையும் விசிறியையும் பூட்டிய பனிவண்டி ஒன்றை ஊர் நடுவே ஓட்டினான். தகப்பனார் பயந்துபோய் அதை உடனே பிரித்துப்போடச் சொன்னார். சொன்னது நியாயமே, திறந்த விசிறி தெருவில் வந்தால் யாருக்குத்தான் பயம் வராது? பையன் வளர்ந்து, விசிறியை விட்டுவிட்டு, பனியையே பற்றி இழுக்கும் ரப்பர்ப் பட்டையின்மேல் மனம் வைத்தான். 1934ஆம் வருஷக் குளிர்காலத்தில், பனியைக் கடந்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வண்டியில்லாமல், தன் இளங்குழந்தை இறந்ததைக் கண்ட பிறகு அந்த ஈடுபாடு தீவிரமாயிற்று. 1937இல் உரிமம் கிடைத்தது. 1959இல் ‘ஸ்கீ-டூ’ என்னும் சிறு பனிவண்டி வெளிவந்தது. ஏரோசானியின் காலம் அதோடு ஏறக்குறைய முடிந்தது எனலாம். பனியிலும் ஊன்றுகோல் உண்டு, அதை ஊன்றும் விதம் வேறு என்பதை அவர் காட்டிவிட்டார்.

வேண்டுமென்றே தரையை விட்டு எழும்பி ஓடும் ஹோவர்கிராஃப்டுக்கு விசிறியைத் தவிர வேறு கதியில்லை. கிறிஸ்டபர் காக்கரெல் வகுத்த முறையில் கட்டிய முதற் படகு 1959 ஜூலை 25ஆம் தேதி இங்கிலீஷ் கால்வாயைக் கடந்தது. 1968இலிருந்து 2000 வரையில் நான்கு பெரிய விசிறிகளைக் கொண்ட ஊர்திகள் அதே கால்வாயில் கார்களையும் பிரயாணிகளையும் ஏற்றிச் சென்றன. நம்மவர்க்கு அண்மையில் பார்க்க வேண்டுமானால் மண்டபத்துக்குப் போகலாம். பாக் நீரிணையின் ஆழங்குறைந்த கடலில், கப்பல் தட்டிவிடும் மணல்திட்டுகளின் மேலேயும் ஏறிப்போவதற்கென்று இந்தியக் கடலோரக் காவற்படையார் அங்கே அவற்றை வைத்திருக்கிறார்கள். பிரான்ஸில் ழான் பெர்த்தேன் காற்று மெத்தையின்மேல் ரயிலையே மிதக்கவிட்டு, விசிறியால் தள்ளினார். 1969இல் ஆர்லியான் நகருக்கு வடக்கே கட்டிய 18 கிலோமீட்டர் கான்கிரீட் தடத்தில் எண்பது பேர் அமரும் பெட்டி ஓடிற்று. பின்பு ஜெட் யந்திரம் பூட்டி 1974 மார்ச்சில் மணிக்கு 430 கிலோமீட்டரை எட்டியது. அதே வருஷம் அரசாங்கம் திட்டத்தைக் கைவிட்டது. தூண்களின்மேல் நிற்கும் அந்தத் தடத்தை இன்றும் ரயிலிலிருந்து பார்க்கலாமாம்; அதன் அருகே ஓடும் ரயிலுக்குச் சக்கரங்கள்தான்.

இந்த விவாதத்தில் கடைசியாகச் சேர்ந்த வண்டி எல்லாவற்றையும் தலைகீழாக்குகிறது. 1969இல் அமெரிக்க எஞ்சினியர் ஆண்ட்ரூ பாவர் ஒரு வண்டி கட்டினார். 2010இல் ரிக் கவல்லாரோவும் அவர் நண்பர்களும் ‘பிளாக்பேர்ட்’ என்று அதைவிடத் திருத்தமான ஒன்றைக் கட்டினர். அதில் யந்திரமே கிடையாது. காற்று முதுகுப்புறம் வீச, வண்டி உருள்கிறது. உருளும் சக்கரங்கள் சங்கிலி வழியாக, பதினேழரை அடி விசிறியைச் சுழற்றுகின்றன. விசிறி வண்டியைத் தள்ளுகிறது. கலிபோர்னியாவின் எல் மிராஜ் வறண்ட ஏரியில் அது வீசும் காற்றைவிட 2.8 மடங்கு வேகமாக, அந்தக் காற்றின் திசையிலேயே ஓடிற்று. இது நித்திய சலன யந்திரம்போல் காதில் விழுவதனால் பௌதிகம் படித்தவர்களே நம்ப மறுத்தனர். 2021இல் பேராசிரியர் ஒருவர் முடியாதென்று பத்தாயிரம் டாலர் பந்தயம் கட்டித் தோற்றார்.

காற்று மணிக்கு 10 மைல், வண்டி 28 மைல் என்று வையுங்கள். சக்கரங்கள் தரையிலிருந்து சக்தியை எடுப்பது 28 மைல் வேகத்தில். விசிறி அதைச் செலவிடுவதோ எதிரே வரும் 18 மைல் காற்றில். சக்தி என்பது விசையும் வேகமும் பெருகியதாகையால், குறைந்த வேகத்தில் செலவிடும் விசிறி, சக்கரம் இழுத்துப் பிடிக்கும் விசையைவிட அதிக விசையைத் திருப்பித் தர முடிகிறது. விசிறியில் நூற்றுக்கு அறுபத்தைந்து பங்கு பயன் இருந்தாலே லாபம் மிஞ்சும். முன்பு கணக்கிட்ட விசிறி வண்டி மேட்டில் திணறியதும் இதே பெருக்கல் கணக்கால்தான். அங்கே துடுப்பு கழியோடு போட்டியிட்டது. இங்கே கழியை ஊன்றியபடியே துடுப்பும் போடுகிறார்கள்.